பன்னிரண்டு வோல்ற்றும் பேரொலியும்: காரின் பின்பெட்டிக்குள் ஒரு நூற்றாண்டு வரலாறு

"ஓடிக்கொண்டிருந்த வாகனம் திடீரெனத் தீப்பற்றியது, மின்னொழுக்கே காரணமெனச் சந்தேகிக்கப்படுகிறது." பத்திரிகைத் தொழிலில் நீண்டகாலம் இருந்தவர்கள் எவரும் இந்த வசனத்தைப் பலமுறை எழுதியிருப்பர் அல்லது திருத்தியிருப்பர். மின்னொழுக்கு என்ற அந்த ஒரு சொல்லுடன் செய்தி முடிந்துவிடும். ஒழுகியது எது, ஏன் ஒழுகியது, யார் பூட்டிய வயர் அது என்ற கேள்விகளுக்கு அடுத்த நாள் பத்திரிகையில் இடம் கிடைப்பதில்லை.

வாகனம் தீப்பற்றுவதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் ஒன்று, தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த பின்னர் வாகனத்துக்குள் நாமாகப் பூட்டும் மேலதிக மின்சாதனங்கள். அச்சாதனங்களுள் மிக அதிக மின்னோட்டத்தை உறிஞ்சுவது, காரின் பின்பெட்டியில் வைக்கப்படும் சப்வூபர் ஒலிபெருக்கியும் அதனை இயக்கும் அம்பிளிபயரும். வெள்ளவத்தையிலும் ஸ்கார்பரோவிலும் ஹரோவிலும் கோலாலம்பூரிலும் நமது இளைஞர்கள் இவற்றை ஆசையுடன் வாங்கிப் பூட்டுகின்றனர். எந்த வயரை எங்கே இணைப்பது என்பதை அவர்கள் அறிவர். அவ்விதிகள் எப்படித் தோன்றின என்பதை அறிந்தோர் சிலரே. உண்மையில் அந்த விதிகள் ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் எதிர்கொண்ட பிரச்சினைக்குக் கண்ட தீர்வாகும். அவற்றின் வரலாற்றைத் தெரிந்துகொண்டவருக்கு விதிகளை மனனஞ் செய்யவேண்டிய தேவை இராது.

அற்லாண்டிக் நகரின் வாகனத் தரிப்பிடம்

காருக்குள் வானொலியைப் பொருத்தும் முயற்சிகள் 1920களின் தொடக்கத்திலேயே அமெரிக்காவில் ஆரம்பித்துவிட்டன. ஆனால் அவை செல்வந்தரின் விளையாட்டுப் பொருட்களாகவே இருந்தன. நிலைமையை மாற்றியவர் போல் கல்வின் என்பவர். இவரும் இவருடைய சகோதரர் ஜோசப் கல்வினும் 1928 செப்ரெம்பரில் சிக்காகோ நகரில் ஒரு சிறிய கம்பனியைத் தொடங்கினர். பற்றரியில் இயங்கும் வீட்டு வானொலிகளை வீட்டு மின்சாரத்தில் இயங்கச் செய்யும் கருவியே அவர்களின் முதல் உற்பத்தி. அடுத்த ஆண்டு பங்குச்சந்தை சரிந்து பெரும் பொருளாதார மந்தம் தொடங்கியபோது, அக்கம்பனியும் மூழ்கும் நிலையை அடைந்தது.

கல்வின் கார் வானொலியின் மீது நம்பிக்கை வைத்தார். வில்லியம் லியர், எல்மர் வேவரிங் ஆகியோர் அம்முயற்சியில் பங்குகொண்டனர். 1930 ஜூன் மாதத்தில் வானொலி உற்பத்தியாளர்களின் மாநாடு அற்லாண்டிக் நகரில் நடைபெற்றது. மாநாட்டில் ஒரு காட்சிக்கூடத்தை வாடகைக்கு எடுக்கவும் கல்வினிடம் பணமில்லை. அவர் தமது ஸ்ரூடிபேக்கர் காரில் வானொலியைப் பொருத்தி, சிக்காகோவிலிருந்து ஓட்டிச் சென்று, மண்டபத்துக்கு வெளியே நிறுத்தி, வருவோர் போவோர் கேட்கும்படி ஒலிக்கவிட்டார். போதிய கட்டளைகள் கிடைத்தன. மோட்டார் என்ற சொல்லையும், அக்காலத்து ஒலிக்கருவிகளின் பெயர்களில் வழங்கிய 'ஓலா' என்ற ஈற்றையும் சேர்த்து அவர் வைத்த பெயரே மோட்டோரோலா. 1947இல் கம்பனியின் பெயரும் அதுவாகவே மாறியது.

அன்றைய கார் வானொலியின் விலை 110 முதல் 130 டொலர் வரை. ஒரு புதிய ஃபோர்ட் மொடல்-ஏ காரையே சுமார் 500 டொலருக்கு வாங்கக்கூடியதாக இருந்த காலம் அது. பொருத்தும் வேலையோ அதனினும் கடினம். காரின் தரையை வெட்டி, வால்வுகளுக்குத் தேவையான உயர் அழுத்தப் பற்றரிகளை அடியில் வைத்து, ஒலிபெருக்கிக்கும் வானொலிக்கும் தனித்தனி இடம் கண்டு, கூரைக்குள் அன்ரெனாவைப் பதிக்கவேண்டும்.

கல்வினைப் பற்றி வழங்கும் கதை ஒன்று உண்டு. கடன் கேட்கச் சென்ற வங்கியாளரின் மனத்தைக் கவர்வதற்காக அவருடைய பக்கார்ட் காரில் ஒரு வானொலியைப் பூட்டிக் கொடுத்தாராம். அரை மணி நேரத்தில் அந்தக் கார் தீப்பற்றி எரிந்ததாம். கடன் கிடைக்கவில்லை என்று கதை முடிகிறது. கதை எவ்வளவு மெய்யோ, அது சுட்டும் ஆபத்து மெய்யானது. கார் ஒலிச்சாதனம் பிறந்தபோதே தீயும் உடன் பிறந்துவிட்டது.

இரைச்சல் என்ற முதல் எதிரி

இன்னொரு தொல்லையும் இருந்தது. பெற்றோல் இயந்திரம் மின்பொறியால் இயங்குவது. ஒவ்வொரு பொறியும் ஒரு சிறு வானொலி அலைபரப்பியைப் போன்று செயற்பட்டு, வானொலிக்குள் 'பட பட' என்ற இரைச்சலை ஏற்படுத்தியது. பொறிக்கட்டைகளின் வயர்களில் மின்தடைகளையும், மின்னாக்கியில் மின்தேக்கிகளையும் இணைத்து அதனை அடக்கினர்.

இந்த எதிரி பின்னாளில் வேறுருவில் திரும்பிவந்தது. 1960இல் கிரைஸ்லர் கம்பனி தனது வேலியன்ட் காரில் பழைய டைனமோவுக்குப் பதிலாக ஆல்ரனேற்றரைப் பொருத்தியது. பின்னர் உலகமே அதனைப் பின்பற்றியது. ஆல்ரனேற்றர் தருவது ஆடலோட்டம். அதனைத் டையோட்டுகள் நேரோட்டமாக மாற்றினாலும் சிறு அலைகள் எஞ்சியிருக்கும். அம்பிளிபயர் சரியாகப் பூட்டப்படாத கார்களில், இயந்திரத்தின் வேகம் கூடக் கூட ஒரு சீழ்க்கை ஒலியும் சுருதி ஏறிக்கொண்டு போவதைக் கேட்டிருப்பீர்கள். அது இந்த எஞ்சிய அலைகளின் குரல்.

இன்று பூட்டுநர்கள் சொல்லும் இரண்டு விதிகள் இதிலிருந்தே வந்தன. முதலாவது, பற்றரியிலிருந்து வரும் பருத்த மின்வயரைக் காரின் ஒரு பக்கமாகவும், பாட்டுச் சமிக்ஞையைக் கொண்டுவரும் மெல்லிய வயரை மறுபக்கமாகவும் கொண்டுசெல்லவேண்டும். இரண்டாவது, நிலத்தொடுப்பு வயர் இயன்றளவு குறுகியதாக, ஏறத்தாழ அரை மீற்றருக்குள், பெயின்ற் சுரண்டிய வெறும் உலோகத்தில் இறுக்கமாக முறுக்கப்படவேண்டும். பெயின்ற்றின் மேல் முறுக்கப்பட்ட ஆணி மின்தடையை உண்டாக்கும். தடை உள்ள இடத்தில் சீழ்க்கையும் வரும், சூடும் வரும்.

சிறிய பற்றரி, பெரிய பசி

அன்றைய கார்களின் பற்றரி பெரும்பாலும் 6 வோல்ற். வால்வுகளுக்கோ 200 வோல்ற்றுக்கும் கூடிய அழுத்தம் வேண்டும். 1930களின் முற்பகுதியில் இதற்கொரு வழி பிறந்தது. அதிர்வி என்று சொல்லத்தக்க ஒரு சிறு கருவி, பற்றரியின் நேரோட்டத்தைச் செக்கனுக்கு நூறு தடவைக்கு மேல் துண்டித்துத் துண்டித்து இணைத்தது. துண்டிக்கப்பட்ட ஓட்டம் ஒரு மின்மாற்றியினூடாகச் சென்று உயர் அழுத்தமாக வெளிவந்தது. பழைய கார் வானொலியைப் போட்டவுடன் வண்டு போல் ஒரு ரீங்காரம் கேட்கும். அந்த அதிர்வியின் ஒலியே அது.

ஐரோப்பாவிலும் இதே காலத்தில் முயற்சிகள் நடந்தன. 1932இல் ஜேர்மனியில் புளாவ்பங்க்ற் பெயரில் வெளிவந்த ஏஎஸ்-5 என்ற கார் வானொலியின் விலை 465 ரைஷ்மார்க். ஒரு சிறிய காரின் விலையில் மூன்றிலொரு பங்கு.

1947இல் பெல் ஆய்வுகூடத்தில் ட்ரான்சிஸ்டர் பிறந்தது. 1955இல் ஃபில்கோ கம்பனி முற்றிலும் ட்ரான்சிஸ்டர்களாலான கார் வானொலியைக் கிரைஸ்லர் கார்களுக்காக வெளியிட்டது. அதற்கான மேலதிக விலை 150 டொலர். வால்வுகளோடு உயர் அழுத்தத் தேவையும் அதிர்வியின் ரீங்காரமும் மறைந்தன. அதே 1950களின் நடுப்பகுதியில் அமெரிக்கக் கார்கள் 6 வோல்ற்றிலிருந்து 12 வோல்ற்றுக்கு மாறின. பெரிய இயந்திரங்களை உயிர்ப்பிப்பதற்கே அந்த மாற்றம் தேவைப்பட்டது. ஒலிச்சாதனம் அதனால் நன்மையடைந்தது.

ஆனால் 12 வோல்ற்றிலும் ஒரு எல்லை உண்டு. இயந்திரம் ஓடும்போது காரின் மின்னழுத்தம் 14.4 வோல்ற் என்று வைத்துக்கொள்வோம். 4 ஓம் ஒலிபெருக்கியை அந்த அழுத்தத்தில் நேரடியாக இயக்கும் ஓர் அம்பிளிபயர், எவ்வளவு திறமையாக அமைக்கப்பட்டாலும், உருக்குலையாத ஒலியாக ஏறத்தாழ 26 வாற்றுக்கு மேல் தர இயலாது. நடைமுறையில் 20 வாற்றையொட்டியே கிடைக்கும். இது ஓமின் விதி. விளம்பரத்தால் அதனை மாற்ற இயலாது. ஆகவே, காரின் முகப்பிலுள்ள வானொலிப் பெட்டியில் '50 வாற், நான்கு சனல்' என்று அச்சிட்டிருப்பதை அப்படியே நம்பிவிடலாகாது.

இந்த எல்லையைத் தாண்டும் வழி பழைய அதிர்வியின் தத்துவத்திலேயே இருந்தது. 1973இல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஜிம் ஃபொஸ்கேற் என்பவர் தொடங்கிய கம்பனி, கார்களுக்கான உயர்திறன் அம்பிளிபயர்களின் முன்னோடிகளுள் ஒன்று. இத்தகைய அம்பிளிபயர்கள், பற்றரியின் ஓட்டத்தைச் செக்கனுக்குப் பல ஆயிரம் தடவை துண்டித்து, மின்மாற்றியால் உயர்த்தி, பின்னர் ஒலிபெருக்கிக்குக் கொடுக்கின்றன. உலோகத் தகட்டின் இடத்தை ட்ரான்சிஸ்டர் பிடித்துக்கொண்டது, அடிப்படை ஒன்றே.

ஒலிபெருக்கியைத் தெரிவு செய்த கணிதம்

மறுபுறத்தில் ஒலிபெருக்கிக்கும் தனி வரலாறு உண்டு. காந்தப் புலத்துக்குள் அசையும் கம்பிச் சுருளும் அதனோடு ஒட்டிய கூம்பும் கொண்ட இன்றைய ஒலிபெருக்கியின் வடிவத்தை, ஜெனரல் எலெக்ரிக் கம்பனியின் செஸ்ரர் றைஸ், எட்வேர்ட் கெலொக் ஆகியோர் 1925இல் நிலைநிறுத்தினர். நூறாண்டு கடந்தும் அவ்வடிவம் மாறவில்லை.

தாழ்சுருதி ஒலியை உண்டாக்குவது அதில் மிகக் கடினமான வேலை. 1933இல் பெல் ஆய்வுகூடத்தின் ஃபிளெச்சர், மன்சன் இருவரும் மனிதச் செவியின் இயல்பை அளந்து வெளியிட்டனர். இடைச்சுருதி ஒலியை எளிதில் கேட்கும் நமது செவி, செக்கனுக்கு 30, 40 அதிர்வுகள் கொண்ட தாழ்ந்த ஒலியைக் கேட்க மிகக் கூடுதலான அழுத்தத்தை எதிர்பார்க்கிறது. அத்துடன், சுருதி தாழத் தாழக் கூம்பு அதிக காற்றைத் தள்ளவேண்டியுள்ளது. மிருதங்கத்தின் தொப்பியைக் கேட்பதற்கே இவ்வளவு பெரிய கூம்பும் இவ்வளவு மின்சாரமும் தேவைப்படுவதன் காரணம் இதுதான்.

திறந்த ஒலிபெருக்கியில் கூம்பின் முன்புறத்து அலையும் பின்புறத்து அலையும் ஒன்றையொன்று அழித்துவிடும். ஆகவே பெட்டி தேவை. 1954இல் அமெரிக்கரான எட்கர் வில்ச்சர், முற்றாக மூடப்பட்ட சிறிய பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே கூம்புக்கு வில்லாகப் பயன்படுத்தலாம் என்று காட்டினார். அலுமாரியளவு பெட்டி தந்த ஒலியைப் புத்தகத் தட்டில் வைக்கக்கூடிய பெட்டி தந்தது. காருக்குள் சப்வூபர் நுழைவதற்கான கதவைத் திறந்தவர் அவரென்று கூறினும் மிகையன்று.

அவுஸ்திரேலியப் பொறியியலாளர் நெவில் தீல் 1961இல் வெளியிட்ட ஆய்வு, துவாரமிட்ட பெட்டிகளின் நடத்தையைக் கணிதத்துக்குள் கொண்டுவந்தது. சிட்னி பல்கலைக்கழகத்தில் ஆய்வுசெய்த றிச்சர்ட் ஸ்மோல் 1970களின் முற்பகுதியில் அதனை விரிவாக்கினார். அதுவரை தச்சரின் அனுபவத்தாலும் ஊகத்தாலும் செய்யப்பட்ட பெட்டி, அதன்பின் எண்களால் செய்யப்பட்டது. இன்று சப்வூபர் வாங்கும்போது அதனோடு வரும் தாளில் உள்ள 'தீல்-ஸ்மோல் அளவைகள்' இவ்விருவரின் கொடை.

அந்தத் தாளை வாசிக்கத் தெரிந்தவர் ஏமாறமாட்டார். ஒலிபெருக்கியின் இயல்பான அதிர்வெண்ணை, அதன் மின்வழித் தணிப்பைக் குறிக்கும் கியூஈஎஸ் என்ற எண்ணால் வகுத்துப் பாருங்கள். விடை 50க்குக் குறைவாயின் மூடிய பெட்டி பொருந்தும். 100ஐத் தாண்டினால் துவாரமிட்ட பெட்டி பொருந்தும். இடைப்பட்டது இரண்டுக்கும் இசையும். மூடிய பெட்டி சிறியது, தாளம் இறுக்கமாகக் கேட்கும், தவறுகளை மன்னிக்கும். துவாரமிட்ட பெட்டி பெரியது. அதே மின்சாரத்தில் உரத்து ஒலிக்கும். ஆனால் அது சுருதி செய்யப்பட்ட எல்லைக்குக் கீழே கூம்புக்குப் பிடிமானம் இல்லாமற் போவதால், மிகத் தாழ்ந்த ஒலிகளை வடிகட்டாவிடில் கூம்பு கிழிந்துவிடக்கூடும்.

காரின் சிறுமையும் இங்கு நன்மையாகிறது. 30 ஹேர்ட்ஸ் அலையின் நீளம் 11 மீற்றருக்கும் மேல். அலை விரியவும் இடமில்லாத காரின் அடைப்புக்குள் அழுத்தம் தானாகவே உயர்கிறது. வீட்டு மண்டபத்தில் சாதாரணமாக ஒலிக்கும் 12 அங்குல ஒலிபெருக்கி காரினுள் நெஞ்சை அதிரவைப்பதன் காரணம் இதுவே.

வாற் என்னும் மாயம்

1974இல் வெளிவந்த 'ஏர்த்குவேக்' என்ற ஹொலிவூட் திரைப்படம், சென்சரவுண்ட் என்ற முறையினால் பூகம்பத்தின் தாழ்ந்த அதிர்வை அரங்குக்குள்ளேயே உணரச் செய்தது. செவிக்கு எட்டாத ஒலியையும் உடலால் அனுபவிக்கலாம் என்பதைப் பொதுமக்கள் அறிந்துகொண்டனர். 1980இல் ஜப்பானின் ரோலண்ட் கம்பனி ரீஆர்-808 என்ற தாளக்கருவியை வெளியிட்டது. அதன் நீண்டு அதிரும் முரசொலி மயாமி நகரத்து இளைஞர் இசையின் அடித்தளமாயிற்று. அந்த இசை கார்களின் பின்பெட்டிகளில் குடியேறியது. 1990களில் எந்தக் கார் அதிகம் ஒலிக்கிறது என்று அளந்து பரிசளிக்கும் போட்டிகளும் தோன்றிவிட்டன.

சந்தை பெருகியபோது பொய்யும் பெருகியது. வீட்டு அம்பிளிபயர்களின் வலுவை எவ்வாறு அளந்து விளம்பரம் செய்யவேண்டும் என்று அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணைக்குழு 1974இல் விதி வகுத்தது. கார் சாதனங்கள் அதற்குள் அடங்கவில்லை. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக உற்பத்தியாளர் நினைத்ததையெல்லாம் பெட்டியில் அச்சிட முடிந்தது. 2003இல்தான் தொழிற்றுறையினரே சிஈஏ-2006 என்ற தரநிலையை வெளியிட்டனர். 14.4 வோல்ற்றில், 4 ஓம் சுமையில், உருக்குலைவு ஒரு சதவீதத்தைத் தாண்டாத நிலையில் அளக்கப்பட்ட வலுவையே குறிப்பிடவேண்டும் என்பது அதன் சாரம். ஆனால் அது விரும்பினோர் ஏற்கும் தரநிலை; சட்டமன்று. ஆகவே '2000 வாற்' என்ற அட்டை இன்றும் கடைகளில் தொங்குகிறது.

வாங்குபவர் பார்க்கவேண்டியது தொடர்ச்சியாகத் தரக்கூடிய வலுவை. ஆர்எம்எஸ் என்று குறிக்கப்படுவது அதுதான். உச்ச வலு என்று அச்சிடப்படுவதை மறந்துவிடலாம். அட்டையை நம்பாதவருக்கு இன்னொரு சோதனை உண்டு: அம்பிளிபயரில் செருகியிருக்கும் பியூஸ்களின் அம்பியரைக் கூட்டிப் பாருங்கள். மொத்தம் 30 அம்பியர் எனில், 14 வோல்ற்றில் அது உள்வாங்கக்கூடியது 420 வாற். உள்ளே போகாத 2000 வாற் வெளியே எப்படி வரும்?

இன்னுமொரு உண்மை. வலுவை இரட்டிப்பாக்கினால் ஒலி 3 டெசிபல் மட்டுமே கூடும். செவிக்கு அது சிறிய மாற்றம். ஒலி இருமடங்காகக் கேட்பதற்கு ஏறத்தாழ பத்து மடங்கு வலு வேண்டும். 500 வாற் சாதனத்தை விற்றுவிட்டு 1000 வாற் வாங்கும் இளைஞன் எதிர்பார்த்த பேரொலி கிடைக்காமல் மேலும் பணத்தைக் கொட்டுவதன் காரணம் இதுவேயாகும்.

வயர்களின் கணக்கு

500 வாற் தரும் பழைய ஏபி வகை அம்பிளிபயரின் வினைத்திறன் ஏறத்தாழ ஐம்பது வீதம். அதற்கு 1000 வாற் உள்ளே செல்லவேண்டும். 13.8 வோல்ற்றில் அது 72 அம்பியர். பின்னாளில் பரவிய டி வகை அம்பிளிபயர் எண்பது வீத வினைத்திறனுடன் அதே வேலையை 45 அம்பியரில் செய்கிறது. இசை ஏற்ற இறக்கம் கொண்டதாகையால் சராசரி இதிலும் குறைவு. ஆயினும் வயர் உச்சத்தைத் தாங்கவேண்டும். சிறிய கார்களின் ஆல்ரனேற்றர் பொதுவாகத் தருவது 60 முதல் 80 அம்பியர். முகப்பு விளக்கு, குளிரூட்டி, மின்விசிறி எல்லாம் அதிலிருந்தே பங்கு கேட்கின்றன. முகப்பு விளக்குகள் பாட்டின் தாளத்துக்கேற்ப மங்கி ஒளிர்வதைச் சிலர் பெருமையாகக் கருதுகின்றனர். அது பற்றரியின் முனகல்.

இனி வயரின் பருமன். பற்றரியிலிருந்து பின்பெட்டிக்கு 5 மீற்றர் என்போம். 21 சதுர மில்லிமீற்றர் செப்பு வயரில் 70 அம்பியர் ஓடினால் அழுத்த இழப்பு 0.3 வோல்ற்றுக்குள் அடங்கும். வீட்டுச் சுவர்களில் இழுக்கும் 2.5 சதுர மில்லிமீற்றர் வயரை அங்கே பூட்டினால் இழப்பு 2.4 வோல்ற், வயரிலேயே சூடாக மாறுவது ஏறத்தாழ 170 வாற். காரின் விரிப்புக்கு அடியில், பஞ்சுக்கும் பிளாஸ்திக்குக்கும் நடுவே, பல மின்பற்றவைப்புக் கோல்களை எரியவிட்டதற்கு அது சமம். செய்தியாளர் எழுதும் 'மின்னொழுக்கு' இவ்விதமும் பிறக்கும். அலுமினியத்தின் மேல் செப்பு பூசிய மலிவு வயர்களும் சந்தையில் உள்ளன. அலுமினியம் செப்பைவிட மின்தடை கூடியது. ஆகவே அதே பணிக்கு மேலும் பருத்த வயர் வேண்டும்.

எல்லாவற்றிலும் முதன்மையான விதி பியூஸ். அம்பிளிபயரின் பியூஸ் அம்பிளிபயரைக் காக்கும். வயரைக் காப்பதற்கு வேறொரு பியூஸ் வேண்டும். அது பற்றரி முனையிலிருந்து 45 சென்ரிமீற்றருக்குள் இருக்கவேண்டும். இயந்திரத்துக்கும் இருக்கைக்கும் இடையிலுள்ள உலோகச் சுவரின் துளையில் உராய்ந்தோ, விபத்தில் நசுங்கியோ வயரின் உறை கிழிந்து உலோகத்தைத் தொட்டால், பற்றரி நூற்றுக்கணக்கான அம்பியரை ஒரே மூச்சில் கொட்டும். வயர் தணலாகும். பியூஸ் பின்பெட்டியில் இருந்தால் அந்த ஐந்து மீற்றருக்கும் பாதுகாப்பே இல்லை. துளையில் இறப்பர் வளையமும் பற்றரியருகில் பியூசும் சில நூறு ரூபாய்ச் செலவு. அதனை மிச்சம் பிடிப்பவர் காரையே பணயம் வைக்கிறார்.

ஒலிபெருக்கிகளின் இணைப்பு இறுதியானது. இரண்டு 4 ஓம் சுருள்கள் கொண்ட ஒரு சப்வூபரைத் தொடராக இணைத்தால் 8 ஓம்; சமாந்தரமாக இணைத்தால் 2 ஓம். அத்தகைய சப்வூபர்கள் இரண்டாயின், நான்கு சுருள்களையும் சமாந்தரமாக்க 1 ஓம் வரும்; ஒவ்வொன்றின் சுருள்களையும் தொடராக்கி, பின் இரண்டையும் சமாந்தரமாக்க 4 ஓம் வரும். 2 ஓம் வரை தாங்கும் அம்பிளிபயரில் 1 ஓமைப் பூட்டுவது, ஒரு மூடை தூக்குபவர் முதுகில் இரண்டு மூடைகளை ஏற்றுவதாகும். இரண்டு சனல்களை ஒன்றாகப் பாலமிட்டு 4 ஓமில் இயக்கும்போது ஒவ்வொரு சனலும் 2 ஓமையே உணர்கிறது என்பதையும் மறத்தலாகாது. நேர் முனையும் மறை முனையும் மாறினால் ஒரு கூம்பு தள்ளும்போது மற்றது இழுக்கும். இரண்டு ஒலிபெருக்கிகள் இருந்தும் தாழொலி காணாமற் போய்விடும்.

அம்பிளிபயரில் 'கெயின்' என்று ஒரு திருகு உண்டு. அது ஒலியைக் கூட்டும் திருகன்று. முன்னாலுள்ள வானொலியின் சமிக்ஞைக்கு அம்பிளிபயரை இசைவாக்கும் திருகு. 2 ஓமில் 300 வாற் வேண்டுமெனில், இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் கண்டால் 24.5 வோல்ற். ஒலிபெருக்கியைக் கழற்றிவிட்டு, 50 ஹேர்ட்ஸ் சோதனை ஒலியை இசைத்து, மல்ரிமீற்றர் அந்த எண்ணைக் காட்டும்வரை மட்டுமே திருகவேண்டும். அதற்கு மேல் முறுக்கினால் அலையின் தலை வெட்டுப்பட்டுச் சதுரமாகும்; சுருள் கருகும்.

செவியின் எல்லை

ஒலிச்சாதனத்தில் மாற்றீடு இல்லாத ஒரே பாகம் கேட்பவரின் செவி. 85 டெசிபல் ஒலியை நாளொன்றுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் கேட்கலாகாது என்பது அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் பரிந்துரை. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் பதினைந்து நிமிடம்தான். 2004இல் தொராக்ஸ் என்ற மருத்துவ இதழில் வெளியான அறிக்கை ஒன்று, உரத்த இசையோடு தொடர்புடையதாக இருக்கலாமென மருத்துவர்கள் கருதிய நுரையீரல் சுருக்கச் சம்பவங்களை விவரித்தது. அவர்களில் ஒருவர் 19 வயது இளைஞர்; தமது காரில் 1000 வாற் சப்வூபர் பெட்டியைப் பூட்டியிருந்தவர்.

தாழொலிக்கு இன்னொரு குணமும் உண்டு. உயர்ந்த சுருதியைச் சுவர் தடுக்கும். தாழ்ந்த சுருதி சுவரைக் கடந்துவிடும். நள்ளிரவில் தெருவால் செல்லும் காரின் பாட்டும் சொல்லும் நமக்குக் கேட்பதில்லை. இடி மட்டும் வீட்டுக்குள் வருகிறது. நோயாளியும் கைக்குழந்தையும் உறங்கும் அறைக்கும் அது வரும். அதிலும் போரைக் கண்டு வந்த நமது முதியவர்களுக்குத் தூரத்து இடியொலி எதனை நினைவூட்டும் என்று நான் விளக்கவேண்டியதில்லை.

நமக்கு இன்னொரு அனுபவமும் உண்டு. 1990 ஜூனில் போர் மீண்டும் வெடித்த பின்னர், யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரமும் இல்லை. வானொலிக்குரிய பற்றரிகளும் தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் இருந்தன. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் மிதியைச் சுற்ற, டைனமோவின் மின்சாரத்தில் செய்தி கேட்ட தலைமுறை இன்னமும் நம்மிடையே வாழ்கிறது. சைக்கிள் டைனமோவின் வலு பொதுவாக 3 வாற். அந்த மூன்று வாற்றில் ஒரு வீடு மட்டுமன்றி அயலும் கூடிநின்று உலகத்தைக் கேட்டது. இன்று ஒரு காரின் பின்பெட்டியிலுள்ள 500 வாற்றுக்கு, அத்தகைய சைக்கிள்கள் நூற்று அறுபதுக்கு மேல் சுழலவேண்டும்.

இதனைக் கூறுவது இளைஞரைக் குறைசொல்வதற்காகவன்று. இசையை நல்ல முறையில் கேட்க விரும்புவது குற்றமாகாது. தவிலின் நாதத்தையும் பறையின் அதிர்வையும் உள்ளபடி கேட்க ஒரு சிறந்த சப்வூபர் உதவுமெனில் அது வரவேற்கத்தக்கதே. அதனைப் பூட்டும்போது முதலில் பியூசையும், அடுத்து வயரின் பருமனையும், அதன்பின் நிலத்தொடுப்பையும் பாருங்கள். வாற் பற்றிய பேச்சு கடைசியில் வரட்டும். எவ்வளவு உரத்து ஒலிக்கலாம் என்பதை அம்பிளிபயர் தீர்மானிக்கும். எவ்வளவு ஒலித்தால் போதும் என்பதை நாமே தீர்மானிக்கவேண்டும்.